தலைக்கு இவ்வளவு

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பத்தொன்பது வயதில் கோழி பிடிக்கிற வேலைக்குப் போனாள். மூன்றாம் மாதமே ‘எட்டு’ என்ற பெயர் விழுந்து, அதுவே நிலைத்துவிட்டது. ஐந்து விரலுக்கு நான்கு இடுக்கு. ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு கோழிக்கால். இரண்டு கைக்குமாக எட்டு. வாட்டசாட்டமான ஆண்களே ஆறோடு நிறுத்திக்கொண்டு மூச்சு வாங்கும்போது, இந்த ஒல்லிப் பெண் எட்டுக் கோழிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு கூண்டுக்கும் கொட்டகைக்கும் நடையாய் நடப்பாள்.

கோழி பிடிப்பது என்றதும் வாசலில் ஓடுகிற கோழியைத் துரத்திப் பிடிப்பது என்று எண்ணிவிட வேண்டாம். முந்நூறு அடி நீளக் கொட்டகை, உள்ளே பன்னிரண்டாயிரம் கோழி. தரையே தெரியாது, வெள்ளையாக ஒரு மெத்தை மூச்சு விடுவது போல இருக்கும். எச்சத்தின் நெடி கண்ணைப் பிடுங்கும். ஐந்து வாரத்தில் கறிக்கு வளர்ந்துவிட்ட கோழிகள், தம் எடையைத் தம் காலாலேயே தாங்க முடியாமல் உட்கார்ந்திருக்கும். குனிந்து, வாரி, எடுத்து, கூண்டில் திணிக்க வேண்டும். அவசரத்தில் இறக்கை முறியும், தொடை எலும்பு கழன்று வரும். யாரும் நின்று பார்ப்பதில்லை. லாரி காத்துக்கொண்டிருக்கும்.

நோஞ்சான்களைக் கூண்டில் ஏற்றமாட்டார்கள், அங்கேயே முடித்துவிடுவார்கள். மற்றவர்கள் காலைப் பிடித்துத் தூணில் அடிப்பார்கள். முதல் அடியில் சாகாத கோழி இரண்டாவது அடி விழும்வரை கண்ணைத் திறந்தே வைத்திருக்கும். எட்டுக்கு அது ஆகாது. ஒரு கையில் கால், மறு கை விரல்களுக்குள் தலை, ஒரே இழுப்பு. கழுத்தெலும்பு விலகுகிற சத்தம் அவள் விரலுக்கு மட்டும்தான் கேட்கும். ஒருவன் நோஞ்சான் ஒன்றைப் பந்தாக உதைத்து விளையாடியபோது, கையிலிருந்த எட்டுக் கோழியையும் நிதானமாகக் கூண்டில் வைத்து மூடிவிட்டு வந்து, அவன் கன்னத்தில் விட்டாள் ஒன்று. இரண்டு பல் ஆடிப்போயிற்று. கொல்லலாம், அது வேலை. வதைத்தால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தைக் கட்டிக்கொண்டுதான் முப்பது வருடம் குடித்தனம் நடத்தினாள். கட்டிய புருஷன் என்று ஒருவன் இருந்தான். லாரி ஓட்டப் போனவன். ஒருநாள் லாரி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. “லாரிக்காவது வீட்டு ஞாபகம் இருந்துச்சே” என்று சொல்லிவிட்டு மறுநாள் அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

அவளுக்கு மிஞ்சியது தம்பி ஒருவன். அவனுக்கு ஒன்பது வயது இருக்கும்போதே அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். குளிப்பாட்டியது, படிக்க வைத்தது, கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் அவள்தான். பின்னால் அவன் ஒரு கோழிக் கொட்டகை கட்டினான். குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது, கொட்டகையும் உழைப்பும் அவனுடையது. அரசாங்கம் கொட்டகைக்காரர்களுக்கு மானியம் தந்தது. எத்தனை கோழி அடைத்திருக்கிறாயோ, தலைக்கு இவ்வளவு. நோய் வந்து அழிக்க நேர்ந்தால் நஷ்டஈடு, அதுவும் தலைக்கு இவ்வளவு. எட்டாயிரம் வளர்க்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டாயிரம் புகுந்தது அப்படித்தான்.

கோடை உச்சியில் ஒருநாள் காலை பத்து மணிக்குக் கம்பெனி சூப்பர்வைசர் ஜீப்பில் வந்து இறங்கினான். அன்று லாரி வரவேண்டிய நாள். எட்டும் அவள் கூட்டத்தாரும் கொட்டகை வாசலில் காத்திருந்தார்கள்.

“பக்கத்துல எங்கயோ நோய் வந்திருக்காம். இங்கயும் இருக்கும்னு நெனைக்கிறோம். எல்லாத்தையும் முடிச்சிடணும்” என்றான்.

“ஒரு கோழிகூட சோர்ந்து நிக்கலையே சார்?” என்று கேட்டாள் எட்டு.

“நீ டாக்டரா? பிடிக்கிறவ பிடிக்கிற வேலைய மட்டும் பாரு.”

கொட்டகையின் பக்கவாட்டுப் படுதாக்களை இறக்கிக் கட்டினார்கள். காற்றாடிகளை நிறுத்தினார்கள். குஞ்சுகளுக்குக் குளிர்காலத்தில் வைக்கிற சூடேற்றிகளை எல்லாம் ஒன்றாகப் பற்றவைத்தார்கள். தம்பி வெளியே வந்து இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தகரத்தில் மழை அடிப்பது மாதிரி இறக்கைகள் அடிக்க ஆரம்பித்தன. பிறகு கத்தல். முப்பது வருடத்தில் கோழி போடுகிற எல்லாச் சத்தமும் அவளுக்குத் தெரியும். இது தெரியாத சத்தம். படுதா உள்ளிருந்து புடைத்துப் புடைத்து வந்தது. எட்டு கதவைத் திறக்க ஓடினாள். தம்பி பின்னாலிருந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான். அவள் அவன் முழங்கைக்குக் கீழே பல் பதியக் கடித்தாள். ரத்தம் வந்தது. அவன் விடவில்லை.

“விடுடா! கழுத்தத் திருகியாவது கொன்னுடறேன், விடுடா!”

“அக்கா, சும்மா இருக்கா. கொஞ்ச நேரந்தான்.”

கொஞ்ச நேரம் என்றது மூன்று மணி நேரம் ஆயிற்று. கதவைத் திறந்தபோது வந்த வெக்கை முகத்தில் அறைந்தது. காற்றுக்காகப் படுதாவை முட்டி முட்டி, இரண்டு பக்கமும் இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தன. கீழே உள்ளவை வெந்திருந்தன. மேலே உள்ளவற்றில் சில வாயைத் திறந்து திறந்து மூடின. எட்டு அந்தக் குவியல் மேல் ஏறினாள். காலுக்கடியில் கோழிகள் நசுங்க நசுங்க, உயிரோடு இருந்ததை எல்லாம் தேடித் தேடிக் கழுத்தை இழுத்தாள். பொழுது சாயும்வரை இழுத்தாள். இறங்கி வந்து, வாந்தி எடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு, இனி ஒரு கோழியும் இப்படிச் சாகக்கூடாது என்று தனக்குத்தானே உரக்கச் சொன்னாள். கூட நின்றவர்கள் பிதற்றுகிறாள் என்று நினைத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி மனைவி மாவு டப்பாவுக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

“பரிசோதனை முடிவு வந்திருக்கு அண்ணி. நோயே இல்லையாம். அவர் அடுப்புல போடச் சொன்னார். எனக்கு மனசு வரல.”

அந்த மாதம் சந்தையில் கோழி விலை தரைமட்டத்துக்கு வந்திருந்தது. விற்றால் கம்பெனிக்கும் தம்பிக்கும் கிடைப்பதைவிட நோய் என்று கொன்றால் கிடைக்கிற நஷ்டஈடு அதிகம். அவ்வளவுதான் விஷயம். எட்டு அந்தக் காகிதத்தை நாலாய் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். தம்பிக்குச் சூடு சொரணை எல்லாம் எப்போது போயிற்று என்று யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை.

நகரத்தில் ஒரு வக்கீலம்மா இருந்தாள். பண்ணை மானியங்களை மாற்ற வேண்டும், கோழிகளை அடைத்துத் திணித்து வளர்க்கும் முறையை ஒழிக்க வேண்டும் என்று ஏழெட்டுப் பேரை வைத்துக்கொண்டு துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாங்குகிறவர்கள் மூக்கைத் துடைத்துவிட்டுப் போடுவார்கள். எட்டு அந்த அலுவலகத்துக்குள் போய், அங்கிருந்த நாற்காலியில் உட்காராமல், மடித்த காகிதத்தை மேசையில் வைத்து, கொட்டகையில் நடந்ததை நின்றபடியே சொன்னாள். சொல்லி முடித்தபோது வக்கீலம்மாவின் பேனா கீழே கிடந்தது.

அதன்பிறகு மூன்று வருடம். வேலை போயிற்று. எந்தக் கொட்டகைக்காரனும் அவளை உள்ளே விடவில்லை. அவளுடைய பழைய கூட்டத்தாரே, “உன்னால எங்க பொழப்புல மண்ணு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. ஒருநாள் வாசற்படியில் தலையில்லாத கோழிகள் எட்டு வரிசையாகக் கிடந்தன. “கழுத்தறுக்கக்கூட ஒழுங்காத் தெரியல, கத்தியப் போட்டு ராவியிருக்கானுங்க” என்று திட்டிக்கொண்டே அவற்றைப் புதைத்தாள். பயம் இல்லாமல் இல்லை. பயந்தால் கோபம் வருவது அவள் வாகு.

கடைசியில் அரசாங்கம் ஒரு விசாரணை வைத்தது. அதற்கு முந்தின நாள் எட்டு தம்பியின் கொட்டகைக்குப் போனாள். சாட்சி சொல்ல அவனும் கூட வரவேண்டும் என்பது அவள் ஆசை. அவன் கொட்டகைக்குள் நின்றான், அவள் வாசலில்.

“நான் வந்து என்னக்கா சொல்றது? நான்தான் கதவ சாத்தினேன்னா?”

“ஆமா. யார் சாத்தச் சொன்னான்னும் சொல்லு.”

“எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குக்கா. போயிடு.”

“நீ வர்றேன்னு சொல்ற வரைக்கும் இங்கிருந்து கைய எடுக்க மாட்டேன்” என்று கதவுச் சட்டத்தை வலது கையால் பிடித்துக்கொண்டாள்.

அவன் கதவை இழுத்தான். அவள் எடுத்துவிடுவாள் என்று அவன் நினைத்தான். அவன் நிறுத்திவிடுவான் என்று அவள் நினைத்தாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒருவரை ஒருவர் அவ்வளவு தப்பாக எடை போட்டார்கள். இரும்புக் கதவு உருளையில் ஓடி வந்து மோதிர விரலையும் சுண்டு விரலையும் நசுக்கி நின்றது. அவள் கத்தவில்லை, அவன்தான் கத்தினான். சட்டையைக் கழற்றிக் கையைச் சுற்றி, பைக்கில் பின்னால் உட்கார வைத்து, வழியெல்லாம் அழுதுகொண்டும் அவளைத் திட்டிக்கொண்டும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். “ஏன்டி இப்படிப் பண்ற, ஏன்டி இப்படிப் பண்ற” என்று, சின்ன வயதில்கூட அக்காவை ‘டி’ போடாதவன், அன்று அப்படித்தான் புலம்பினான்.

சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மோதிர விரல் இருந்தது, மடங்காது. செய்தி கேட்ட பழைய கூட்டாளி ஒருத்தி, “எட்டு இப்போ ஏழரை ஆயிடுச்சு. கம்பெனிக்கு ஏழரைதான்” என்றாளாம். அதைக் கேட்டு எட்டு கட்டிலில் படுத்தபடி சிரித்தாள்.

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு விசாரணைக்குப் போனாள். மண்டபம் நிறைய ஆள். கம்பெனி ஆட்கள் பின்வரிசையில். வரமாட்டேன் என்ற தம்பியும் வந்து ஓரமாக, தலையைக் குனிந்தபடி இருந்தான்.

“நோயில்லாத கோழிகளைக் கொன்றதாகச் சொல்கிறீர்கள். எந்தக் கொட்டகை?” என்று கேட்டார் அதிகாரி.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை.

“என் தம்பி கொட்டகை சார்” என்றாள். “அவன் சாத்தினான். சாத்தச் சொன்னது அதோ, அந்தக் கடைசி வரிசை. ஆனா ஒண்ணு சார். தலைக்கு இவ்வளவுன்னு நீங்க குடுக்கற வரைக்கும் எவனும் தலையத்தான் திணிப்பான். இடத்துக்குக் குடுங்க. ஒரு கோழி இறக்கைய விரிச்சுத் திரும்பறதுக்கு எவ்வளவு இடம் விடறான்னு பார்த்துக் குடுங்க.”

முதல் நாற்காலி அப்போதுதான் பறந்தது. சூப்பர்வைசரின் ஆள் ஒருவன் மைக் கம்பியைப் பிடுங்கி அவள் தலையில் போட்டான். நெற்றி பிளந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. எவனோ வக்கீலம்மாவின் கூந்தலைப் பிடித்து இழுத்தான். எட்டு இடது கையால் அவன் குரல்வளையைப் பிடித்தாள். கோழி பிடித்த கை அது, சும்மா விடுமா? அவன் முழி பிதுங்கிற்று. போலீஸ் வந்து பிரித்துவிடும்போது அவன் முட்டிபோட்டு இருமிக்கொண்டிருந்தான். கலவரப் படம் பத்திரிகைகளில் வந்தது. துண்டுப் பிரசுரத்தை யாரும் படித்ததில்லை. ரத்தம் ஒழுகும் அந்த முகத்தை நாடே பார்த்தது.

கம்பெனி கையைக் கழுவிக்கொண்டது. பழி முழுவதும் தம்பி தலையில் விழுந்தது. மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். வந்தபிறகு அவளோடு பேச்சு இல்லை. பிழைக்க வேறு வழியில்லாமல் மறுபடியும் கம்பெனிக் குஞ்சையே வாங்கிக் கொட்டகையை நிரப்பினான்.

அரசாங்கம் இறங்கி வந்தது. புதிய விதியில் என்னென்ன வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு கோழிக்கு இவ்வளவு இடம், அதற்குமேல் ஒரு கோழி இருந்தாலும் மானியம் கிடையாது. இதுவரை சரி. எப்போதிலிருந்து என்ற இடத்தில் வக்கீலம்மா நிறுத்தினாள்.

“அடுத்த பேட்ச்லேருந்துன்னு போடலாங்க்கா. அவங்களுக்கும் கொஞ்சம் அவகாசம் வேணுமில்ல?”

“உங்களுக்கு இவங்கள தெரியாதும்மா” என்றாள் எட்டு. “ஒரு மூலைல நூறு கோழிய விட்டு வச்சுட்டு, பழைய பேட்ச் இன்னும் முடியலைம்பான். வருஷக்கணக்கா முடியாது. நான் பார்க்காத ஏமாத்தா? உடனேன்னு போடுங்க.”

“ஒரு மாசமாவது...”

“உடனே!” என்று மேசையில் அடித்தாள். தேநீர் டம்ளர் உருண்டது. வக்கீலம்மா ‘உடனே’ என்று எழுதினாள்.

மனிதன் எப்படி எல்லாம் ஏமாற்றுவான் என்று யோசித்தவள், அதிகமாக இருக்கிற கோழி எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. முப்பது வருடம் கொட்டகையில் கிடந்தவள் அதை யோசித்திருக்க வேண்டும்.

உத்தரவு ஒரு திங்கட்கிழமை வந்தது. வியாழக்கிழமை அதிகாரிகள் கொட்டகைகளுக்கு வந்து கோழிகளை எண்ணுவார்கள். திங்கட்கிழமை மதியமே தம்பியிடமிருந்து போன் வந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவன் குரல்.

“சந்தோஷமாக்கா?”

“என்னடா?”

“பதினெட்டு நாள் கோழிக்கா. அறுக்கிற மெஷின் இதை எடுக்காது, சின்னது. லாரி இல்ல. எல்லாக் கொட்டகையும் ஒரே நேரத்துல காலி பண்ணா எங்க கொண்டு போறது? ஆறாயிரம் போகணும். கம்பெனி பொக்லைன் அனுப்புது. குழி தோண்டி, உயிரோட தள்ளி மூடிடலாம்னு சொல்றாங்க.” அவன் மூச்சு கேட்டது. “என்னால இன்னொரு தடவை அந்தச் சத்தத்தைக் கேக்க முடியாதுக்கா. உன் கை வேணும்.”

போனை வைத்துவிட்டு, தன்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்ட பழைய கூட்டத்தாரின் வீடுகளில் ஒவ்வொன்றாகக் கதவைத் தட்டினாள். ஆறு பேர் வந்தார்கள். ஒருவரும் குத்திக்காட்டவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

செவ்வாய் காலை ஆரம்பித்தார்கள். கொட்டகையின் குறுக்கே வலை கட்டி, போகவேண்டியதை ஒரு பக்கம் ஒதுக்கினார்கள். வந்த ஆறு பேரும் அவள் சொன்னபடி ஒரு பக்கம் இழுத்தார்கள். இன்னொரு பக்கம் தம்பி பிடித்துப் பிடித்துக் கொடுத்தான். எட்டு இழுத்தாள். வலது கையில் பிடி போதவில்லை என்று இடது கையில் இழுத்தாள். முதல் நூறு வரை ஒவ்வொன்றையும் பார்த்தாள், அப்புறம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். மத்தியானத்துக்குள் மணிக்கட்டு வீங்கி, விரல் மரத்துப்போயிற்று. மரத்த விரலுக்கு அளவு தெரியாது. வேகமாக இழுத்ததில் சில தலைகள் கையோடு வந்துவிட்டன. மெதுவாக இழுத்ததில் ஒன்று சாகாமல், கழுத்து தொங்கத் தொங்க எழுந்து அவள் காலைச் சுற்றி வந்தது. அவள் அலறினாள். தம்பி அதைப் பிடித்துத் தூணில் அடித்தான். அவன் அடித்ததற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் பிற்பகல், குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது வக்கீலம்மா போன் செய்தாள். பின்னணியில் கைதட்டலும் சிரிப்பும்.

“அக்கா, எங்க இருக்கீங்க? எல்லாரும் உங்களைத்தான் கேக்கறாங்க. ஜெயிச்சிட்டோம்க்கா!”

“மொத்தம் எத்தனை கொட்டகைம்மா? இந்த உத்தரவுக்குள்ள வர்றது?”

“நானூறுக்கு மேல. ஏன்க்கா?”

அவள் போனை மடியில் வைத்துக்கொண்டாள். ரத்தம் பட்டு வழுவழுத்தது. நானூறு கொட்டகை. மற்றவற்றுக்கு அவள் கை போகாது, பொக்லைன்தான் போகும். மேசையில் அடித்த கையை ஒரு நிமிடம் பார்த்தாள். அதை அந்தக் கதவு மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம் என்று தோன்றியது.

“அக்கா? லைன்ல இருக்கீங்களா?” என்று மடியிலிருந்து குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

“ஜெயிச்சிட்ட போலிருக்கே” என்றான் தம்பி. கிண்டல் மாதிரிதான் ஆரம்பித்தான், முடிக்கும்போது அப்படி இல்லை. அவளுடைய டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான்.

புதன் சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைசிக் கோழியின் கழுத்தை இழுத்தார்கள். கூட வந்த ஆறு பேரும் குவியலை அள்ளிக் குழிக்குக் கொண்டு போனபின், அக்காவும் தம்பியும் குறுக்கு வலையை அவிழ்த்தார்கள். கொட்டகையில் பாதி காலி. கோழி அடைத்த கொட்டகையில் அவள் ஆயுசில் முதல் தடவையாகத் தரை தெரிந்தது. மீதி ஆறாயிரத்துக்கும் இறக்கை விரிக்க இடம், ஓட இடம், வெயில் விழுகிற இடத்தில் புரள இடம். இதற்காகத்தான் எல்லாம். எட்டு சுவரில் சாய்ந்துகொண்டு, இதைப் பார்த்தாலாவது மனசு ஆறும் என்று காத்திருந்தாள்.

வெற்றுத் தரையைக் கண்ட கோழிகள் மிரண்டன. இரண்டு நாளாகப் பக்கத்தில் கேட்ட சத்தமெல்லாம் அவற்றுக்குள் இருந்தது. ஒன்று திரும்பி ஓட, எல்லாம் திரும்பின. கோடிச் சுவரை நோக்கிப் பாய்ந்து, ஒன்றன் மேல் ஒன்றாக ஏறின. கண் மூடித் திறப்பதற்குள் முழங்காலளவு குவியல். அடியில் உள்ளவை மூச்சு முட்டிக் கத்தின.

“டேய், எடுடா! நசுங்குதுடா!”

இரண்டு பேரும் பாய்ந்தார்கள். அக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், வாரி வாரிப் பின்னால் வீசினார்கள். “போங்க! அங்க இடம் இருக்கு, போங்களேன், சனியன்களா!” என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள். அழுதாள். வீசியவை எல்லாம் தரையில் விழுந்து, எழுந்து, அவள் காலுக்கிடையில் புகுந்து குவியலுக்கே ஓடி வந்தன. வீங்கிய கையில் இரண்டைத் தூக்கிக்கொண்டு கொட்டகையின் நடுவரைக்கும் நடந்தாள். ஒரு குழந்தையை இறக்கிவிடுவது போல அவற்றை இறக்கிவிட்டாள். அவை அவளைப் பார்த்தன, சுற்றிலும் இருந்த இடத்தைப் பார்த்தன, தத்தித் தத்திக் கோடிச் சுவருக்குப் போய் மற்றவற்றின் மேல் ஏறின.

“அக்கா, இந்தப் பக்கம் செத்துட்டிருக்கு, வா!” என்று தம்பி கூப்பிட்டான். அவள் ஓடினாள்.